இரண்டு கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

புது வேலையில் இரண்டாம் நாள். பதினாறு வருடம் பஸ் டிப்போவில் புகார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை, ஏரியைக் காக்கும் சங்கம் கூப்பிட்டு ஜன்னலோரமாக நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது. பதவியின் பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாது: 'அனைவரையும் இணைக்கும் பணிக்கான ஒருங்கிணைப்பாளர்'.

"அப்படின்னா என்னம்மா வேலை?" என்றாள் மகள்.

"சங்கத்துல எல்லாரும் ஒரே மாதிரி ஆளுங்களா இருக்காங்களாம். வேற மாதிரி ஆளுங்களையும் கூட்டிட்டு வரணும்."

"அதான் உன்னைக் கூட்டிட்டு வந்துட்டாங்களே. வேலை முடிஞ்சுது."

பதினைந்து வயது. வாய்க்கு மட்டும் ஐம்பது.

இன்று அடையாள அட்டையும் உறுப்பினர் புத்தகமும் கொடுத்தார்கள். சம்பளத்தில் இருப்பவர்கள் தானாகவே உறுப்பினராம். இங்கே அது பெரிய விஷயம். ஒவ்வொரு நவம்பரிலும் ஏரிப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். படிவத்தில் ஒரு பறவை ஏற வேண்டுமென்றால் இரண்டு உறுப்பினர் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால், அது உங்கள் தலை மேலேயே உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் இல்லை. எனக்குத் தெரிந்த பறவைகள் காக்கா, புறா, கொக்கு. ஆனால் இன்று காலை பத்தரை மணியிலிருந்து என் கையெழுத்து செல்லும்!

தலைவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பொறியாளர், முப்பத்தோரு வருடமாகக் கணக்கெடுக்கிறவர். அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றுவதில்லை, அதனால் எல்லோருக்கும் அவர் 'தொப்பி'. அவருக்கும் அது தெரியும். "ஒரு வருஷம் பாப்போம்மா. ஏரிக்கு நல்லதுன்னா வேலை தொடரும்" என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறார்.

மார்ச் 13, வியாழன்

நாற்பது நாற்காலி. நாற்பது கப். நான்கு தட்டு பிஸ்கட்.

ஏரியின் தென்கரையில் குப்பை பிரிக்கும் கொட்டகை இருக்கிறது. இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். முப்பத்தோரு வருடத்தில் அங்கிருந்து ஒருவர்கூட சங்கத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. முதல் கூட்டம் அவர்களுக்காகத்தான் என்று முடிவு செய்தேன். அழைப்பிதழை எல்லோரும் வாசிக்கும்படி பெரிய எழுத்தில் அடித்தேன். வாசற்படிக்குச் சாய்தளம் போடச் சொன்னேன். சைகை மொழி தெரிந்த பெண் ஒருத்தியை வரவழைத்தேன். ஒன்றையும் விடவில்லை என்று எனக்கே என் முதுகைத் தட்டிக்கொள்ளத் தோன்றியது. மாலை நான்கு மணி.

நான்கே கால். நான்கரை. வந்தது ஒரே ஒருவர். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர், முப்பத்தைந்து வயது இருக்கும், பார்வை கிடையாது. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு சாய்தளத்தில் ஏறி வந்தார்.

"எத்தனை பேர் வந்திருக்காங்க மேடம்?"

"நீங்க மட்டுந்தான்."

"அதான் பாத்தேன். நாப்பது பேர் இவ்ளோ ஒழுக்கமா மூச்சு விடாம உக்காந்திருக்காங்களேன்னு."

சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. சைகை மொழிப் பெண்ணையும் சேர்த்து மூவருமாக உட்கார்ந்து ஒரு தட்டு பிஸ்கட்டைக் காலி செய்தோம். அழைப்பை ஆஸ்பத்திரியில் யாரோ வாசித்துச் சொன்னார்களாம். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "ஏரிச் சத்தம் பிடிக்கும். நாள் முழுக்க மனுஷங்க குரல்தான். நடுவுல ஒரு மாறுதல்."

மார்ச் 14, வெள்ளி

கோபத்தோடு கொட்டகைக்குப் போனேன். திரும்பி வரும்போது என் மேல்தான் கோபம்.

அங்கே எல்லாவற்றுக்கும் மேல் ஒரு அக்கா. ஐம்பது வயது. எல்லோரும் 'மேஸ்திரி' என்கிறார்கள். கை, பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் பிரித்துக்கொண்டே இருக்கிறது, கண் மட்டும் என் மேல்.

"நாலு மணிக்கு லாரி வரும்மா. செவ்வாய், வியாழன், சனி. லாரிய ரோட்டுல நிக்க வச்சிட்டு உன் பிஸ்கட்ட திங்க வரணுமா?"

பதினாறு வருடம் பஸ் நேரத்தைக் கரைத்துக் குடித்தவள் நான். ஒரு லாரி நேரத்தைக் கேட்கத் தோன்றவில்லை! சாய்தளம் போட்டேனாம், சைகை மொழியாம். எல்லாம் சரி, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?

மன்னிப்புக் கேட்டேன். அக்கா சமாதானமாகவில்லை, ஆனால் உட்காரச் சொன்னாள். பேச்சின் நடுவே திரும்பிக்கூடப் பார்க்காமல், "இதோ முங்குறவன் வந்துட்டான்" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். தண்ணீரில் ஒரு கறுப்புத் தலை, அடுத்த நொடி இல்லை. இருபது வருடமாக இதே இடத்தில் வேலை. ஏரியில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு பெயர் வைத்திருக்கிறாள்.

மார்ச் 19, புதன்

முங்குறவன் என்பது நீர்க்காகமாம். புத்தகத்தில் பார்த்தேன். அக்கா வைத்த பெயரே நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

லாரி வராத நாள். ஏரிக்கரையில் நடந்தோம்: மேஸ்திரி அக்கா, கொட்டகையிலிருந்து இன்னும் ஐந்து பேர், என் தோளைப் பிடித்தபடி டெலிபோன். (அவர் என்னை 'அக்கா' ஆக்கிவிட்டார். நான் அவரை 'டெலிபோன்' ஆக்கிவிட்டேன். அவருக்கு இதில் வருத்தமே இல்லை, ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.)

நாணல் புதர் அருகே டெலிபோன் நின்றுவிட்டார். "இருங்க. சன்னமா ஒரு விசில். அப்புறம் படிப்படியா கீழ இறங்குற மாதிரி ஒரு நடுக்கம். இது எனக்குப் புதுசு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

அக்கா உடனே சொன்னாள்: "தவிட்டுக்காரி. ஒடம்பு தவிட்டு நெறம், காலு செவப்பு. வெளிய தலை காட்ட மாட்டா. லாரி வந்து, ஈரக் குப்பையக் கழுவி விட்டதும் வாய்க்கால்ல புழு தேடி வருவா. அப்பதான் பாக்க முடியும்."

அலுவலகத்துக்கு ஓடிப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். தவிட்டு நிறம், சிவப்புக் கால், நாணலுக்குள் ஒளிந்து வாழும் கானாங்கோழி! சங்கத்தின் பழைய படிவங்களை எடுத்தேன். அந்தப் பெயருக்கு நேரே பதினோரு வருடமாக ஒரே வார்த்தை: இல்லை. இல்லை. இல்லை.

தொப்பியிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் கண் ஒரு நொடி மின்னியது. அப்புறம், "உறுப்பினர் ரெண்டு பேர் பாத்தாங்களா?"

"நான் ஒருத்திதான் உறுப்பினர் சார். நானும் பாக்கல."

"அப்ப இல்லம்மா."

சரி, அவர்களை உறுப்பினராக்கலாம் என்றேன். அதற்கு ஒரு தேர்வு இருக்கிறதாம். திரையில் பன்னிரண்டு படம் காட்டுவார்கள், புத்தகப் பெயரை எழுத வேண்டும். டெலிபோன் எந்தப் படத்தைப் பார்ப்பார்? அக்கா எந்தப் புத்தகத்தைப் படித்தாள்?

ஜூன் 7, சனி

இன்று தலைகால் புரியாத சந்தோஷம். என் வீட்டுக்காரர் வேலை செய்யும் அச்சகத்தில்தான் சங்கத்தின் புதுக் கையேடு அச்சாகிறது. முதல் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் மேஸ்திரி அக்கா! ஏப்ரலில் நான் எடுத்த படம். ஏரி பின்னால் இருக்க, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறாள். மேலே கொட்டை எழுத்தில்: 'எங்கள் ஏரி எல்லோருக்கும்'.

வீட்டுக்காரர் மட்டும், "அந்தம்மாகிட்ட கேட்டியா?" என்றார்.

"படம் எடுக்கும்போது சிரிச்சாங்களே."

அவர் சாப்பிடப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை பத்துப் பிரதி கொண்டு போகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

நான் ஒரு மண்டு. மண்டு, மண்டு, மண்டு.

அக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். அட்டையைப் பார்த்தாள். உள்ளே ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள், நிதானமாக, கடைசிப் பக்கம் வரை. கடைசிப் பக்கத்தில் போன வருடப் பறவைப் பட்டியல் இருந்தது. விரலை வைத்துத் தேடினாள்.

"தவிட்டுக்காரி எங்க?"

நான் என்ன சொல்ல? உங்களுக்குக் கையெழுத்து உரிமை இல்லக்கா, அதனால அதுக்கும் இடமில்லன்னா?

"நான் பாத்தது செல்லாது. என் மூஞ்சி மட்டும் செல்லுமா?"

அவ்வளவுதான். கத்தவில்லை. அட்டையைத் தனியே கிழித்துப் பளபளப்புக் காகிதக் கூடையில் போட்டாள். மீதியை நாலாக மடித்துச் சாதாக் காகிதக் கூடையில் போட்டாள். வேலை சுத்தம்.

டிப்போவுல இருந்தப்ப யாராவது புகார் சொன்னா கேட்டு எழுதிக்குவேன். இன்னிக்குப் புகாரே நான்தான். யாருகிட்டப் போய் எழுதி வைக்கிறது? சிரிச்சா சம்மதம்னு எவ சொன்னா எனக்கு?

ஜூன் 11, புதன்

கையேட்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன். முதலில் கட்டிய சில பிரதிகள் போக, அட்டை மட்டும்தான் ஆயிரம் அச்சாகியிருந்ததாம். அக்காவின் முகத்தைக் குப்பையாக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கட்டி ஓரமாக வைத்திருக்கிறார். இந்த மனிதரிடம் முதலிலேயே யோசனை கேட்டிருக்கலாம். இதை அவரிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அக்கா இப்போது ஏரிக்கரை நடைக்கு வருவதில்லை. அவள் வராததால் மற்றவர்களும் இல்லை. டெலிபோன் மட்டும் வருகிறார். "லைன் கட்டாகலக்கா. ஹோல்டுல இருக்கு" என்கிறார்.

ஜூலை 12, சனி

செயற்குழு. ஒரே ஒரு கோரிக்கை வைத்தேன்: தேர்வை மாற்றுங்கள், கொட்டகைக்காரர்களும் டெலிபோனும் கையெழுத்துப் போடட்டும்.

தொப்பி தலையசைத்தார், குறுக்காக. "முப்பத்தோரு வருஷக் கணக்கும்மா. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா, அப்புறம் யாரு நம்புவா? உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா கணக்குல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ. என் உறுப்பினர் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"என் கையெழுத்து செல்லுது சார். எனக்கு மொத்தம் நாலு பறவை தெரியும். நாலாவது, அந்த அக்கா காட்டினது. அவங்க கையெழுத்து செல்லாது, என்னோடது செல்லும்னா, கணக்கக் கெடுக்கறது யாரு? என்னோடதையும் எடுத்துக்குங்க. எனக்கும் டெஸ்ட் வைங்க."

தொப்பி தொப்பியை முன்னும் பின்னும் நகர்த்தினார். பிறகு சொன்னார்: "ஒரு சனிக்கிழமை நாலு மணிக்குக் கொட்டகைக்கு வரேன். அந்தப் பறவை இருந்தா விதிய மாத்தலாம். இல்லன்னா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். முப்பத்தோரு வருடத்தில் இவர்கள் யாரும் மாலை நான்கு மணிக்கு ஏரியைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கணக்கெடுப்பு எப்போதும் ஞாயிறு விடிகாலை. ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

லாரி போன பிறகு கொட்டகைக்குப் போனேன். கையேட்டை நிறுத்தியதைச் சொன்னேன். கேட்காமல் படத்தைப் போட்டது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். தொப்பி வருகிறார் என்றும் சொன்னேன்.

அக்கா யோசித்தாள். "சரி. உனக்காக இல்ல. தவிட்டுக்காரிக்காக."

அவளுக்காகவே இருக்கட்டும்!

ஆகஸ்ட் 2, சனி

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட வேண்டும்.

தொப்பி மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டார், கழுத்தில் பைனாகுலர், கையில் படிவம். லாரி வந்தது. கொட்டியதும் வாடை தூக்கியது, அவர் கைக்குட்டையை எடுத்தார்.

"மூக்க அப்புறம் மூடுங்க சார். இப்ப கண்ணத் தொறங்க" என்றாள் அக்கா.

தரையைக் கழுவி விட்டார்கள். அழுக்குத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி நாணல் பக்கம் போனது. காத்திருந்தோம். பத்து நிமிடம், பதினைந்து. வராவிட்டால்?

டெலிபோன் விரலைத் தூக்கினார். "கூப்பிடுது."

இந்த முறை எனக்கும் கேட்டது! சன்னமான விசில், பிறகு இறங்கும் நடுக்கம். தொப்பி, "எங்க?" என்றார். "இப்பவும் கூப்பிடுது சார்." "எங்கப்பா? ஒண்ணும் கேக்கலியே." கொட்டகையே கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மட்டும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு நாணல் அசைந்தது. சிவப்புக் கால் ஒன்று வெளியே வந்தது, அப்புறம் தவிட்டு நிற உடம்பு. பின்னாலேயே மூன்று குஞ்சுகள், கறுப்புப் பஞ்சு உருண்டைகள். எங்களிடமிருந்து பத்தடி. தொப்பி தொப்பியைக் கழற்றினார். (முழு வழுக்கை. இத்தனை நாள் ரகசியம்.)

அது அங்கேயே நின்று தலையைத் தூக்கிக் கூப்பிட்டது. தொண்டை துடிப்பது தெரிந்தது. சத்தம் எங்கள் காதில் கணீரென்று விழுந்தது. அவர் அதன் திறந்த அலகையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் ஏதோ மெதுவாக விளங்கியதைப் பார்த்தேன்.

"கத்துதா இப்போ?"

"ஆமா சார்" என்றேன்.

"பதினோரு வருஷமா 'இல்ல'ன்னு எழுதினது நான்தான். அந்தப் புதர்ல சத்தத்த வச்சுத்தான் தேடுவேன். அது எங்கயும் போகல. என் காதுதான் போயிருக்கு."

அப்புறம் அவரே சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு வயிறு குலுங்க.

டெலிபோன் தொண்டையைச் செருமினார். "ஆஸ்பத்திரி ரகசியம், நீங்களே சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கல சார். காது டாக்டர்கிட்ட உங்களுக்கு மூணு தடவை லைன் போட்டேன். மூணு தடவையும் நாள் வாங்கிட்டு நீங்க வரல."

"நீயா அது!" என்று தொப்பி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "போன வருஷம் ரெண்டு. இந்தத் தடவ மூணு" என்றாள், தன் பேரப்பிள்ளைகளைச் சொல்வது போல. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுவது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

விதி மாறியது. தேர்வு இனி ஏரிக்கரையில். பார்த்துச் சொல்லலாம், கேட்டுச் சொல்லலாம், எந்தப் பெயரிலும் சொல்லலாம். கணக்கெடுப்பு சனி மாலை நான்கு மணிக்கும் ஒரு முறை. சம்பளக்காரர்களுக்கு இனி தானாக உறுப்பினர் பதவி கிடையாது. இந்தக் கடைசி விதியை முன்மொழிந்தது நான். கை தட்டினார்கள்.

செப்டம்பர் 20, சனி

தேர்வு. கொட்டகையிலிருந்து எட்டுப் பேர், ஏழு பேர் தேறினார்கள். முதலிடம் டெலிபோன், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மேஸ்திரி அக்கா பதினொன்று. "அந்த ஒண்ணு நம்ம ஏரிப் பறவையே இல்ல, வழி தப்பி வந்தது" என்று இன்னும் வாதாடுகிறாள்.

தொப்பி காதுக் கருவி மாட்டிக்கொண்டு வந்திருந்தார். உலகமே கத்துகிறது என்று புகார். ஆனால் நாணல் பக்கம் போனவர் அரை மணி நேரம் திரும்பவே இல்லை.

நானும் எழுதினேன். பன்னிரண்டுக்கு நான்கு. தோல்வி.

மகளுக்கு இது போதும். ஒரு மாதத்துக்குத் தாங்கும்.

அக்டோபர் 15, புதன்

வீட்டுக்காரர் புதுப் படிவத்தை அச்சடித்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பறவைக்கும் இரண்டு பெயர், புத்தகத்தில் உள்ளது ஒன்று, ஏரிக்கரையில் வழங்குவது ஒன்று. நீர்க்காகம் – முங்குறவன். கானாங்கோழி – தவிட்டுக்காரி. மூட்டையில் கிடந்த அந்த ஆயிரம் அட்டைகளின் பின்பக்கத்தில்தான் அச்சு. இந்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்தோம். "படிவத்துக்குப் பின்னாடின்னா என் மூஞ்சி இருக்கட்டும்" என்றாள்.

நவம்பர் 29, சனி

கணக்கெடுப்பு நாள். மாலைக் குழுவுக்கு மேஸ்திரி அக்கா தலைமை. நான் அவள் குழுவில் எடுபிடி: படிவம் பிடிப்பது, பேனா கொடுப்பது, பேசாமல் இருப்பது. மூன்றாவதுதான் கஷ்டம். தொப்பியும் எங்களோடு வந்தார், அக்கா சொன்ன இடத்தில் நின்றார்.

லாரி வந்தது, போனது. தவிட்டுக்காரி வந்தாள், குஞ்சுகள் மூன்றும் வளர்ந்து அம்மா உயரத்துக்கு. அக்கா ஒரு கையெழுத்து, டெலிபோன் ஒரு கையெழுத்து. பதினோரு வருடம் 'இல்லை' இருந்த இடத்தில் 'நான்கு' என்று எழுதினேன். தொப்பி எட்டி எட்டிப் பார்த்தார்.

கிளம்பும் நேரத்தில், வாய்க்காலின் அந்தக் கோடியில் தவிட்டு நிறத்தில் ஒன்று விருட்டென்று ஓடியது. நானே பார்த்தேன்! என் கண்ணால், முதல் முதலாக, யாரும் காட்டாமல்! "அஞ்சாவது! அக்கா, அஞ்சாவது!" என்று குதித்தேன். படிவத்தில் எழுதி அவள் முன் நீட்டினேன்.

அக்கா பேனாவை வாங்கவில்லை.

"அது எலிம்மா."

"இல்லக்கா, தவிட்டு நெறம்..."

"எலியும் தவிட்டு நெறந்தான். போட மாட்டேன்."

டெலிபோனிடம் நீட்டினேன். "கீச்சுன்னுச்சு அக்கா. எலிதான். மன்னிச்சுக்குங்க."

தொப்பியைப் பார்த்தேன். ஒரு வருடம் பார்க்கலாம் என்று எனக்கு வேலை கொடுத்தவர். அவர் கையை விரித்தார். "மாலைக் குழுவுல அவங்க சொல்றதுதான்மா. மார்ச்சுல மறுபடி டெஸ்ட் வைக்கிறோம். வேலை எங்கயும் போகாது. நல்லாப் படிச்சிட்டு வாங்க."

'ஐந்து' என்பதை அடித்தேன். வாழ்க்கையில் எதையும் இவ்வளவு சந்தோஷமாக அடித்ததில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தாள், என்ன நினைத்தாளோ, படிவத்தின் அடியைக் காட்டி ஒரு வரி எழுதச் சொன்னாள். எழுதினேன்.

எலி – 1.

பக்கத்தில் இரண்டு கையெழுத்து.